ஏழடிக் கயிறு

புல் பதிப்பவர் நடுவில் இருந்த முளைக்குச்சியிலிருந்து நாடாவை இழுத்தார். ஏழடி.

நாளை சாவி கைமாறுகிறது. வீட்டை வாங்குகிறவர், பின்தோட்டத்தில் மொட்டையாகக் கிடக்கும் இந்த வட்டத் தடத்தை மூடித் தரச் சொல்லியிருந்தார். வந்தவர் எதையும் கேட்காமல் வேலையை முடித்துவிட்டுப் போனால் போதும் என்று அவள் காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தாள்.

"ஏழேழு நாப்பத்தொம்பது. ஏழால அடிச்சு, இருபத்திரண்டால பெருக்கி..." அவர் விரல்களில் ஓட்டினார். "நூத்தம்பத்திநாலு சதுர அடி புல்லு வேணும்க்கா."

"அவ்வளவு எதுக்கு தம்பி? உள்ள புல்லு நல்லாத்தானே இருக்கு. ஓரத்துக்கு மட்டும் போடுங்க. சுத்தளவு நாப்பத்திநாலு அடி."

"அளக்காமலே சொல்றீங்க. கணக்கு டீச்சரா?"

"கணக்குல முட்டை வாங்கினவ."

அது பொய்யில்லை.

ஏழாம் வகுப்பில் அந்தக் கணக்கு வந்தது. ஏழு மீட்டர் கயிற்றில் ஒரு பசு கட்டப்பட்டுள்ளது. அது மேயும் இடத்தின் பரப்பு என்ன? வகுப்பே நூற்றைம்பத்து நான்கு என்று எழுதியது. அவள் மட்டும் நாற்பத்து நான்கு என்று எழுதினாள்.

"உங்க வீட்டு மாடு மேயுமா, ரோந்து போகுமா?" என்றார் வாத்தியார். வகுப்பு சிரித்தது.

கட்டிப்போட்டால் கயிறு விடுகிற கடைசி வரை போய், அந்த ஓரத்திலேயே சுற்றும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். அவள் பார்த்தது அதைத்தான்.

வேலிக்கு அப்பால் லாரி ஓடும் சாலை. அதனால்தான் கயிறு. போன மழைக்காலத்தோடு அதற்கு வேலை முடிந்தது.

பள்ளி விட்டு வந்ததும் எண்ணத் தொடங்குவாள். பத்துச் சுற்றுக்கு ஒரு கூழாங்கல், பின்வாசல் படியில். நூற்றிருபது சுற்று, மிச்சமில்லாமல் ஒரு மைல். பன்னிரண்டு கல் சேர்ந்தால் நோட்டில் ஒரு மைல் ஏறும்.

வரைபடத்தில் கடல் அறுபது மைல் தள்ளி இருந்தது. ஒரு கோடை விடுமுறை முடிவதற்குள் அந்தக் கணக்கு தீர்ந்தது. அன்று மாலை காதோரம் போய் மெல்லச் சொன்னாள். கடலுக்கு வந்தாச்சு.

புல் பதிப்பவர் குனிந்து தடத்தைத் தட்டிப் பார்த்தார். சிமெண்ட் மாதிரி இறுகியிருந்தது.

"இங்க என்னக்கா கட்டியிருந்தீங்க?"

"மாடு."

அம்மா பழக்கிய பதில். நாற்பது வருடங்களில் ஒருமுறைகூட நாக்கு தடுமாறியதில்லை.

"மாடுன்னா உள்ள இருக்கிற புல்லையில்ல முதல்ல காலி பண்ணியிருக்கும்," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு மண்கொத்தியை எடுத்தார். கொஞ்ச தூரம் கொத்தியவர் நிறுத்தினார்.

"உள்ளயும் ஒரு தடம் ஓடுதுக்கா. ஓரடி தள்ளி, வெளித்தடம் கூடவே சுத்தி வருது. ரெண்டு மாடா?"

அவள் கிட்டே போய்ப் பார்த்தாள். புல்லுக்கடியில் மெலிதாக, ஒற்றைக் காலடி அகலத்தில் அது போயிற்று. இத்தனை வருடங்களில் கண்ணில் பட்டதே இல்லை.

ஆமாம் என்று சொல்லிவிட வாயெடுத்தாள். வரவில்லை.

"கட்டியிருந்தது எங்க அண்ணனை," என்றாள். "உள்ள இருக்கிறது என் தடம். கையப் பிடிச்சுக்கிட்டு நடந்தா ஓரடிதான் தள்ளி வரும்."