ஏழாம் நம்பர் டோக்கன்

"இன்னா சுனிதா, உன் சாணி டிரம்மு இன்னும் தூங்குதா?" என்று கிரண் சிரித்தான்.

சுனிதா நோட்டைப் பிரித்தாள். இன்று நாற்பதாம் நாள்.

ஆண்டர்சன்பேட்டை மார்க்கெட்டின் பின்புறம், காய்கறிக் கழிவைச் சமையல் கேஸாக்க ஒரே மாதிரி இரண்டு நீல டிரம்கள். ஒன்றில் கிரணின் கம்பெனி விற்கும் கிருமிப் பொடி. மற்றதில் சுனிதாவுக்காக, பக்கத்து வீட்டு மங்கம்மாவின் பசு ரோசி போட்ட சாணி. முதல் நாள் மார்க்கெட் அதிகாரி மஞ்சுநாத் மட்டும் கூட நிற்க, இரண்டையும் கரைத்து ஊற்றி மூடி, அடையாளத்துக்குத் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தன் கணவரின் பழைய நம்பர் டோக்கன்களை மாட்டியவள் மங்கம்மாதான். ஏழு கிரணுக்கு, பன்னிரண்டு சுனிதாவுக்கு என்று வெளியே வந்து சொன்னாள்.

யாருடைய டிரம்மில் தீ எரிகிறதோ அவர்களுக்கு மார்க்கெட் கொட்டகை. சுனிதா ஜெயித்தால் மகளிர் குழுவின் பதினோரு பேருக்கும் அங்கே சமையல் வேலை.

"எங்களுது லேப்ல வளத்த கிருமி" என்றான் கிரண்.

"எங்க ரோசி வயித்துல மூணு ஷிஃப்ட்டு ஓடுது, தம்பி" என்றாள் மங்கம்மா. "ஒருத்தன் ஒடைப்பான், ஒருத்தன் புளிக்க வெப்பான், கடைசி ஷிஃப்ட்டுக்காரன் கேஸ் ஆக்குவான். ஈவினிங் கிளாஸ்ல படிச்சிட்டு வந்து இவதான் சொன்னா."

"சரி, பத்த வைங்க" என்றார் மஞ்சுநாத்.

பன்னிரண்டின் குழாயைத் திறந்து சுனிதா தீக்குச்சி காட்டினாள். புளித்த நாற்றம் மட்டும் வந்தது. மூன்று குச்சிகளும் அணைந்தன.

கிரண் ஏழைத் திறந்தான். குப்பென்று நீலத் தீ எழுந்தது. மேலே வைத்த பால் ஐந்தே நிமிடத்தில் பொங்கியது.

"எழுதிக்குங்க சார்! எரியற டிரம்முல இருக்கற கிருமி யாருதோ, கொட்டகை அவங்களுக்கு!" கிரண் தானே பேனாவை வாங்கி முதல் கையெழுத்தைப் போட்டான்.

சுனிதா நோட்டைப் புரட்டினாள். இரண்டுக்கும் தினம் ஐந்து கிலோ காய்கறிக் கழிவு, ஒரு பிடி கூடக் குறையாமல் தராசில் நிறுத்துத்தானே போட்டாள்? எங்கே தவறினாள்? 'ஏழு: நீலத் தீ' என்று எழுதினாள். எழுத்து கலங்கித் தெரிந்தது.

"அழாதடி" என்றாள் மங்கம்மா. "'என் டிரம்முன்னு தெரிஞ்சா என் கை தானா ஒரு பிடி சேத்துப் போட்டுடும், என் கையை நானே நம்பல'ன்னு மொத நாளு நீதானே பொலம்பின?"

"அதுக்கு இன்னாக்கா இப்போ?"

மங்கம்மா எரியும் டிரம்மிலிருந்து டோக்கனைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "எங்க வூட்டுக்காரரு லீவு போட்டா, அவரு டோக்கனை மாட்டிக்கினு அவரு தம்பி ஷிஃப்ட்டு எறங்குவாரு. டோக்கனைப் பாத்து ஆளை உள்ள எறக்குற கேஜ்காரனுக்குக் கூடத் தெரியாது."

கிரணின் சிரிப்பு நின்றது. மஞ்சுநாத் சட்டைப் பையிலிருந்து மடித்த சீட்டை எடுத்துப் பிரித்தார். முதல் நாள் தேதி, அவருடைய கையெழுத்து. உரக்கப் படித்தார்:

"ஏழாம் நம்பர் டோக்கன், ரோசியின் சாணி."