இறக்கையின் மேல் ஒரு கை

மேஜையின் தலைமாட்டில் முதலாளி, அவருக்கு வலப்பக்கம் கம்பெனியின் வெப்சைட்டையும் லோகோவையும் புதுப்பிக்க வந்த ஹேமலதா, கதவோரம் கடிதப் போக்குவரத்தைக் கவனிக்கும் நான். எங்கள் காற்றாலைக் கம்பெனியின் முகப்புப் படத்தில், காற்றாலையின் உச்சியில் நின்று கையசைத்துக்கொண்டிருந்தார் எங்கள் பராமரிப்பு ஊழியர் தொபியாஸ். போன ஆடிக் காற்றில் அங்கிருந்துதான் விழுந்து இறந்தார்.

“செத்தவர முகப்புல வச்சுக்கிட்டு எவன்யா நம்மள நம்புவான்? எடுத்துருங்கம்மா,” என்றார் முதலாளி.

தொபியாஸின் மனைவி ரோஸ்லின் போனில் கெஞ்சியதைச் சொன்னேன்: “அப்பா இன்னும் வேலையிலதான் இருக்காருன்னு பிள்ளைட்ட அந்தப் படத்தத்தான் காட்டுதேன். எடுத்துராதீங்க சார்.”

“எத்தன நாளைக்குய்யா காட்டுவா?”

ஹேமலதா மவுஸை நகர்த்த, தொபியாஸ் நின்ற இடத்தில் வானம் வந்து நிறைந்தது. “இப்பதான் பளிச்சுன்னு இருக்கு,” என்றார் முதலாளி. வலப்பக்க வெள்ளை இறக்கையின் மேல் தொபியாஸின் நிழல் மட்டும் கையை உயர்த்தியபடி அப்படியே கிடந்ததை இருவரும் பார்க்கவில்லை.

படம் மாற்றப்பட்டதை வருத்தத்துடன் தெரிவித்து ரோஸ்லினுக்குக் கடிதம் எழுதினேன். அடியில், ‘வலப்பக்க இறக்கையைப் பெரிதாக்கிப் பிள்ளைக்குக் காட்டவும்’ என்று சேர்த்து, உறையை ஒட்டித் தபாலில் போட்டேன்.