வலக்கைக் கடிகாரம்

மனைவி கைக்கடிகாரத்தைக் கழற்றி அவருடைய பழுதுபார்க்கும் மேசையில் வைத்தாள்.

அது நின்றுபோயிருந்தது. ஒரு வார்த்தை சொல்லாமல் உள்ளே போய்விட்டாள்.

மூன்று நாளாக இப்படித்தான். ஞாயிற்றுக்கிழமை அவளுடைய அண்ணன் வந்திருந்தார். ஆபீசில் தேடி வந்திருக்கும் பதவி உயர்வை ஏற்கப்போகிறாயா என்று தங்கையிடம்தான் கேட்டார். அவள் பதில் சொல்வதற்குள் இவர் முந்திக்கொண்டார்.

“அதெல்லாம் இவளால சமாளிக்க முடியாது மச்சான்.”

அவள் இவருடைய உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்றோடு பேச்சு நின்றது. வீடே வெறிச்சென்று ஆகிவிட்டது. அவள் பேச ஆரம்பித்தால் பக்கத்தில் காபிக் கோப்பையை வைக்க யாரும் துணியமாட்டார்கள், அப்படிப்பட்டவள்.

கடிகாரத்தையாவது சரிசெய்வோம் என்று பின்மூடியைத் திருகித் திறந்தார்.

கல்யாணத்துக்கு அவர் வாங்கிக் கொடுத்த விலை உயர்ந்த ஆட்டோமேட்டிக். பேட்டரி கிடையாது. சாவி கொடுக்கவும் வேண்டாம். உள்ளே அரைநிலா வடிவில் ஒரு எடை இருக்கும். கை அசைந்தால் அது சுழலும். அந்தச் சுழற்சி பொடிப் பொடிப் பற்சக்கரங்கள் வழியே போய் ஒரு சுருள்வில்லை இறுக்கும். வில் மெல்ல மெல்ல அவிழ, முள் நகரும். கட்டியிருப்பவரின் கையசைவுதான் அதற்குச் சாப்பாடு.

லென்ஸைக் கண்ணில் பொருத்திப் பார்த்தார். எண்ணெய் காயவில்லை. பல் எதுவும் தேயவில்லை. லேசாக ஆட்டியதும் எடை சர்ரென்று சுற்றியது. முள் ஓடத் தொடங்கியது.

பழுதே இல்லை. வில் காலி, அவ்வளவுதான்.

இப்படிக் கடிகாரம் கொண்டு வருகிறவர்களிடம் அவர் வழக்கமாகக் கேட்பது ஒன்றுதான்: கட்டியிருந்தவர் படுத்த படுக்கையா?

அவள் நன்றாகத்தான் இருக்கிறாள். பகலெல்லாம் கணினி முன்னால்; விரல்தான் ஓடும், மணிக்கட்டு நகராது. வீட்டு வேலையின் அசைவு இதற்கு அரைவயிற்றுக்குத்தான் காணும். அப்படியானால் இத்தனை வருடம் இது எதைத் தின்று ஓடியது?

லென்ஸைக் கழற்றினார்.

சமையலறை வாசலில் நின்று விளக்கை இரண்டு முறை அணைத்துப் போட்டார். பிறவியிலேயே காது கேளாதவளை அந்த வீட்டில் அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

அவள் திரும்பினாள். கடிகாரத்தை வழக்கம்போல அவள் வலக்கையில் கட்டிவிட்டார். பிறகு தன் இரண்டு கைகளையும் உயர்த்தி, தப்பு தன்னுடையது என்றும், அந்தப் பதில் அவள் சொல்லவேண்டியது என்றும் சைகையில் சொன்னார்.

அவளுடைய மூன்று நாள் வசவும் மொத்தமாகக் கிளம்பியது. கைகள் தோளுக்கும் முகத்துக்கும் நெஞ்சுக்குமாகப் பறந்தன.

“முடியாதாமே? அந்தப் பதவிய ஏத்துக்கத்தான் போறேன்! கண்ண எடுக்காதீங்க, இன்னும் முடிக்கல!”

கடிகாரத்தின் வில் நிறைந்த பிறகு தானாக வழுக்கிக்கொள்ளும். எவ்வளவு ஆட்டினாலும் அறுந்துபோகாது.

அவர் கண்ணை எடுக்கவில்லை.