டிரைவருக்கு மனைவி இல்லை

அவர் பேச்சை நிறுத்திவிட்டார்.

நடிக்கிறார் என்றுதான் அவள் நினைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதிய வகுப்பு. கைபேசியைச் சர்க்கரை டப்பாவில் சாய்த்துவைத்து, சமையலறை மேசையில் உட்கார்ந்திருந்தாள். தீராத நோயாளிகளைப் பராமரிப்பது பற்றிய முதுநிலைப் பட்டயம். தொலைதூரக் கல்வி. பேராசிரியை எல்லோரையும் இருவர் இருவராகப் பிரித்துத் தனித்தனி அறைகளுக்கு அனுப்பியிருந்தார். திரைக்குள் இருக்கும் அறைகள். ஒருவர் நோயாளி. மற்றவர் கெட்ட செய்தியைச் சொல்ல வேண்டும்.

அவள் மார்த்தாண்டத்தில் நர்ஸ். அவர் காரைக்குடியில் டாக்டர், கதிரேசன். நேரில் பார்த்துக்கொண்டதில்லை.

டாக்டர்தான் நோயாளி. பஸ் டிரைவர். கணையத்தில் புற்றுநோய். மனைவி இறந்து வெகுகாலம் ஆகிறது, மகன் வெளியூரில். அவர்களுக்குக் கொடுத்திருந்த கதை அவ்வளவுதான்.

முதலில் நன்றாகத்தான் போனது.

"வயித்துல ஏதோ கட்டின்னாங்க சிஸ்டர். மாத்திரைல கரைஞ்சிரும்ல?" என்று டிரைவராகவே கேட்டார். அவளுக்குச் சிரிப்புகூட வந்தது.

பிறகு அவள் சொன்னாள். மெதுவாக, சுற்றி வளைக்காமல். வார்டில் ஒருமுறைகூட அவள் இதைச் சொன்னதில்லை. அது டாக்டர்கள் வேலை.

அப்போதுதான் அவர் பேச்சை நிறுத்தினார்.

நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"வீட்டுல எப்படிச் சொல்றது?" என்றார்.

குரல் வேறாக இருந்தது.

"உங்க மகன்கிட்டயா?"

"அலமேலுகிட்ட."

டிரைவருக்கு மனைவி இல்லை.

கதையைச் சரியாகப் படிக்கவில்லையோ. டாக்டர்களுக்கு எங்கே நேரம்.

"ஸ்கேனை நானேதான் பாத்தேன் சிஸ்டர். பக்கத்துல யாரும் இல்ல. பாத்துட்டு, அடுத்த பேஷண்ட வரச் சொல்லிட்டேன்."

நோயாளி மௌனமானால் அவசரப்படக் கூடாது என்று பாடத்தில் இருந்தது. எதிரே இருப்பது நோயாளியா இல்லையா என்றே தெரியாதபோது என்ன செய்வதென்று எங்கும் இல்லை.

"டாக்டர்," என்றாள். "இது... டிரைவர் சொல்றதுதானே?"

அவர் நிமிர்ந்தார். வாயைத் திறந்தார்.

திரை மாறிவிட்டது. எல்லா முகங்களும் கட்டம் கட்டமாகத் திரும்பி வந்தன.

எப்படிப் போனது என்று பேராசிரியை கேட்டார்.

"சிஸ்டர் நல்லா பண்ணினாங்க மேடம்." டாக்டர் சிரித்தார்.

"நீங்க சொல்லுங்க, லில்லி புஷ்பம்."

"சார்... நல்லா நடிச்சாங்க."

அது கேள்வி மாதிரிதான் வெளியே வந்தது. யாரும் கவனிக்கவில்லை.

வகுப்பு முடிந்ததும் எழுந்து அரிசி களைந்தாள். தண்ணீரோடு பாதி அரிசியும் தொட்டியில் போனது. அதை அள்ளி எடுத்தாள், மறுபடி களைந்தாள், அடுப்பில் ஏற்றினாள்.

நடிப்பாக இருந்தால், போன் செய்து கேட்பது எவ்வளவு அசட்டுத்தனம்.

நடிப்பாக இல்லாவிட்டால்?

சோறு கொதித்தது. வடித்து இறக்கியும் ஆயிற்று. வகுப்புக் குழுவில் அவருடைய எண்ணைத் தேடி எடுத்து அழைத்தாள்.

ஒரு பெண் எடுத்தாள்.

"சார்கூடப் படிக்கேன். லில்லி புஷ்பம், மார்த்தாண்டம்."

"போன இங்கன வச்சுட்டு, அவுக உள்ள கிளாஸ்ல இருக்காகளே. கதவச் சாத்திருக்காக. நீங்க சேரலையா?"

அவள் வடித்து வைத்த சோற்றைப் பார்த்தாள்.

"நான்... சீக்கிரம் வந்துட்டேன்க்கா."

"அப்படியா." அந்த அம்மாள் போனை வைக்கவில்லை. குரலைத் தணித்துக்கொண்டாள். "ஏங்க, அந்தப் படிப்பு ரொம்பக் கஷ்டமா? கொஞ்ச நாளா அவுகளுக்குச் சாப்பாடே எறங்கலை. என்னன்னு கேட்டா, பரீட்சைங்கறாக. நீங்களாவது சொல்லுங்களேன்."

ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அக்கா," என்றாள். "போய் அந்தக் கதவைக் கொஞ்சம் தட்டுறீங்களா?"