பை பத்திரம்

திருடன் கண்ணாடி போட்டிருந்தான் என்று செந்தில்நாதன் சொன்னான். ஐம்பது வயதிருக்கும். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டே, பக்கத்தில் நின்றிருந்த இவனுடைய பையைப் பிடித்து இழுத்திருக்கிறான்.

பூர்ணிமா தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்த்தாள். "உக்காந்துக்கிட்டா?"

"ஆமா. மடியில டிபன் டப்பா வேற. என்ன தைரியம் பாரு. நான் விடுவனா? கையைத் தட்டிவிட்டு வெடுக்குன்னு இழுத்தேன்."

இழுத்த வேகத்தில் பை கம்பியில் மோதி, உள்ளே இருந்த லேப்டாப்பின் திரை விரிசல் விட்டிருந்தது.

அவள் வேறொன்றும் கேட்கவில்லை. தோசை கருகிக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் வேறு லேப்டாப் கொடுத்தார்கள். சின்னது. இதற்கும் ஏதாவது ஆனால் வேலை நிரந்தரமாவது கஷ்டம் என்று மேலாளர் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டார். செந்தில் அவரிடம் கூட்ட நெரிசல் என்று மட்டும்தான் சொல்லியிருந்தான். உங்கள் ஊர் திருட்டு ஊர் என்று கொல்கத்தாக்காரரிடமே எப்படிச் சொல்வது?

விருதுநகருக்கு மட்டும் போன் போட்டு முழுதாகச் சொன்னான். அம்மாவிடம், அக்காவிடம், சித்தப்பாவிடம். ஒவ்வொரு முறையும் திருடனுக்கு உடம்பு கொஞ்சம் தேறியது.

அவன் கொல்கத்தாவுக்கு வந்த புதிது. பெங்காலி ஒரு வார்த்தை வராது. பூர்ணிமா இங்கேயே பெஹாலாவில் பிறந்து வளர்ந்தவள். கோபம் வந்தால் அவளுக்குப் பெங்காலிதான் முதலில் வரும்.

பை வாங்க பவானிபூர் போனார்கள். ஆபீஸ் முடிந்து நேராக வந்திருந்தான். லேப்டாப்பைப் பழைய பையோடு மார்பில் அணைத்துப் பிடித்திருந்தான்.

அவன் கேட்டது தகடு போல விறைப்பான பை. முதுகுப் பக்கம் ஒளிந்திருக்கும் ஜிப், நம்பர் பூட்டு, நெஞ்சுக்குக் குறுக்கே ஒரு பட்டை. கடைக்காரர் எடுத்து வைத்தார். மாட்டிப் பார்த்தான். போருக்குப் போகிற மாதிரி இருக்கிறது என்றாள் பூர்ணிமா.

அவள் வேறு மாதிரி பார்த்தாள். பெரிய பையில் சின்ன லேப்டாப் உருளும் என்று ஒன்றைத் தள்ளினாள். உள்ளே மெத்தென்ற உறை அடியைத் தொடாமல் நிற்கிறதா என்று கைவிட்டுப் பார்த்தாள். தோள்பட்டையை அழுத்திப் பார்த்தாள். அதுவரை சரி. பிறகு பையின் வெளிப்புறத்தைத் தன் புடவையில் தேய்த்துப் பார்த்தபோது செந்திலுக்கு எரிச்சல் வந்தது.

"புடவைக்கு மேட்ச் பாக்கறியா?"

"இந்தக் கொக்கி குத்தும்."

"யாரை?"

அவள் கடைக்காரரிடம் பெங்காலியில் ஏதோ சொன்னாள். அவர் இவனைப் பார்த்துச் சிரித்தார். உள்ளே போய், லேசான சாம்பல் நிறப் பை ஒன்றைக் கொண்டுவந்தார். பூட்டு இல்லை, கொக்கி இல்லை. மேலே கெட்டியான கைப்பிடி மட்டும்.

குழந்தை பள்ளிக்கூடம் கொண்டுபோகிற பை மாதிரி இருக்கிறது, யார் வேண்டுமானாலும் பிடுங்கலாம் என்று செந்தில் முணுமுணுத்தான். அவள் அதையே வாங்கினாள். லேப்டாப்பை அங்கேயே அதற்குள் மாற்றினான்.

பெஹாலா பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. அவன் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் பைப் பட்டையையும் பிடித்திருந்தான். எதிர் சீட்டில், பருத்திப் புடவை கட்டிய வயதான அம்மா ஒருத்தி. சட்டென்று கையை நீட்டிப் பையின் கைப்பிடியைப் பிடித்தாள்.

"பூர்ணிமா," என்றான் பதறி.

"விடுங்க."

"என்னது?"

"விடுங்க. இந்த மாஷிமா வச்சுக்குவாங்க."

பட்டையை அவன் தோளிலிருந்து பூர்ணிமாவே கழற்றிக் கொடுத்தாள். அந்த அம்மா மடியில் ஏற்கெனவே ஒரு கல்லூரிப் பெண்ணின் பை இருந்தது. இதையும் அதன்மேல் நிறுத்தி, இரண்டு கைகளாலும் வளைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள். செந்திலின் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

பஸ் பிரேக் போட்டது. நின்றவர்கள் எல்லோரும் சரிந்தார்கள். பை அசையவில்லை.

செந்தில் பஸ்ஸைச் சுற்றிப் பார்த்தான். உட்கார்ந்திருந்த ஒவ்வொருவர் மடியிலும் நிற்கிற யாருடைய பையோ இருந்தது.

"இங்க அப்படித்தான்," என்றாள் பூர்ணிமா. "நிக்கறவங்க சுமையை உக்காந்திருக்கறவங்க வாங்கிக்குவாங்க."

அவன் அவள் பக்கம் குனிந்து கேட்டான். "உனக்கு அன்னைக்கே தெரியுமா?"

"டிபன் டப்பான்னு சொன்னீங்களே, அப்பவே."

"ஏன் சொல்லல?"

"ஜெயிச்சுட்டு வந்த மாதிரி உக்காந்து சாப்பிட்டுக்கிட்டு இருந்தீங்க. மனசு வரல."

இறங்கும்போது அந்த அம்மா பையைத் தூக்கிக் கொடுத்தாள். செந்தில் அதை மாட்டிக்கொள்ளவில்லை. கையில் பிடித்தபடியே தெருமுனை வரை நடந்தான்.

"நான் கையைத் தட்டிவிட்டேன்ல," என்றான் பிறகு. "அப்ப அவர் என்கிட்ட ஸாரின்னு சொன்னார், பூர்ணிமா. மாட்டிக்கிட்ட பயத்துல சொல்றார்னு நினைச்சேன்."