முறுக்கிக்கொள்ளும் எடிட்டர்

இரண்டு எடிட்டரையும் திறந்து வைத்துக்கொண்டு அரைப்புள்ளி திருதிருவென்று விழித்தான்.

வெப் பக்கம் எழுதுவதற்கான இந்த இரண்டு மென்பொருளில் எதை எல்லாக் கம்ப்யூட்டரிலும் ஏற்றுவது என்று, மணி அடிப்பதற்குள் அவன் சொல்லியாக வேண்டும். ஆபீசில் ஒன்றுக்குத்தான் அனுமதி கொடுத்திருக்கிறார்கள். அப்புறம் மாற்ற வேண்டுமென்றால் மறுபடி முதலிலிருந்து கெஞ்ச வேண்டும். கெஞ்சி வாங்குவதற்குள் டீச்சருக்குத் தலை நரைத்துவிடும்.

வகுப்பிலேயே வேகமாக எழுதுகிறவன் என்று சொல்லி டீச்சர் முடிவை அவன் தலையில் கட்டிவிட்டார்.

அரைப்புள்ளி என்பது பட்டப்பெயர்தான். சேர்ந்த புதிதில் ஒரு வரியின் கடைசியில் அரைப்புள்ளி போட மறந்துவிட்டு, தலைப்பின் நிறம் மாறவே மாட்டேன் என்கிறது, கம்ப்யூட்டர்தான் கெட்டுப்போச்சு என்று அதனோடு மல்லுக்கு நின்றான். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் அன்றோடு போயிற்று.

சின்ன எடிட்டர் தங்கமானது. தட்டினால் திறக்கும். வெள்ளைத் திரை, எழுத்து, அவ்வளவுதான். இன்டர்நெட் இருக்கிறதா என்று வாய் திறந்து கேட்காது. இந்த அறையில் இன்டர்நெட் என்ற பேச்சுக்கே இடமில்லை என்பதால் அது பெரிய உபகாரம்.

பெரியது இருக்கிறதே, அப்பப்பா! இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் அது கண் திறப்பதற்குள் ஒரு குட்டித் தூக்கம் போட்டுவிடலாம். திறந்ததும் மூலையில் ஒரு மஞ்சள் கட்டம் தலையை நீட்டும்: இணைப்பு இல்லை, புதுப்பிக்க முடியவில்லை. மூடினால் போகும். நாலு வரி எழுதுவதற்குள் மறுபடி வந்து நிற்கும், விசேஷத்துக்குச் சரியாகக் கூப்பிடவில்லை என்று முறுக்கிக்கொண்டே வந்து உட்காரும் சித்தப்பா மாதிரி.

வகுப்பில் யாருக்கும் இதில் சந்தேகமே இல்லை. பக்கத்து நாற்காலி மெக்கானிக் காலையிலிருந்து சின்னதுக்கு ஓட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார்.

அரைப்புள்ளிக்கும் சின்னதுதான் பிடித்திருந்தது. இங்கே வந்த நாளிலிருந்து அவன் எடுத்த முடிவெல்லாம் அந்த மாதிரிதான். ஓரத்துக் கட்டில், சத்தம் போடாத மின்விசிறி, வம்பில்லாத கூட்டாளி. நாள் நோகாமல் நகர்ந்தால் போதும் என்று இருந்துவிட்டான்.

கெடுத்தது அக்காதான்.

அவள் தைக்கிற கடைக்கு மேல்மாடியில் வெப்சைட் செய்து கொடுக்கும் கம்பெனி ஒன்று இருக்கிறது. தம்பிக்கு வேலை கிடைக்குமா என்று யாரும் சொல்லாமல் அவளாகவே படியேறிப் போய்க் கேட்டிருக்கிறாள். எந்த எடிட்டரில் பழக்கம் என்று அவர்கள் விசாரித்தார்களாம். அங்கே எல்லோரும் வைத்திருப்பது பெரியதைத்தான்.

போன வாரம் பார்க்க வந்தபோது இதைச் சொன்னாள். வேறு எதுவும் கேட்கவில்லையா என்று அவன் இழுத்தான்.

"கேட்டாங்க. எல்லாத்தையும் மறைக்காம சொல்லிட்டேன். அப்பவும் வரச் சொன்னாங்கடா."

அன்றிலிருந்து ஆசை வந்துவிட்டது. ஆசை என்று ஒன்று வந்து எத்தனை காலமாகிவிட்டது! அவனுக்குப் பயமாகவே இருந்தது. இன்றைக்குச் சின்னதைச் சொல்லிவிட்டால் அந்தப் பயமும் போய்விடும், ஆசையும் போய்விடும்.

டீச்சர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

பெரியதே இருக்கட்டும் என்றான் அரைப்புள்ளி. சொன்ன பிறகுதான் மூச்சு விட்டான்.

மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டார். "அடப்பாவி! உனக்கு இன்னும் நாலு வருஷம் கிடக்கு. நாலு வருஷமும் இது மூஞ்சியிலயா முழிக்கணும்?"

"முழிச்சுக்கலாம்ணே. அதுக்கு அப்புறம்?"

மெக்கானிக்குக்குப் பாக்கி ஒன்றரை வருஷம்தான். அந்தச் சனியனை எப்படித் திறப்பது என்று காட்டச் சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

காட்டி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

காவலர் சாவிக்கொத்தோடு வாசலில் வந்து நின்று தலைகளை எண்ண ஆரம்பித்தார். எல்லோரும் எழுந்து வரிசையில் போய் நின்றார்கள். ஜன்னல் கம்பிகளுக்கு வெளியே இன்னும் நல்ல வெயில் இருந்தது.

அரைப்புள்ளி மட்டும் ஒரு நொடி குனிந்தான். திரையின் மூலையில் மஞ்சள் கட்டம் மறுபடி வந்து நின்றிருந்தது. இத்தனை நாளும் அதில் 'வேண்டாம்' என்பதைத்தான் அழுத்திக்கொண்டிருந்தான்.

இன்றைக்குப் பக்கத்தில் இருந்ததை அழுத்தினான்: 'பிறகு நினைவூட்டு.'