ஒரு சென்ட் குறைகிறது

"எலே கிருஷ்ணன்குட்டி, ஒரு சென்ட்டக் காணல்ல."

கடை வாசலைக் கூட்டிக்கொண்டிருந்த கிருஷ்ணன்குட்டி துடைப்பத்தைப் போட்டுவிட்டு வேலியைப் பார்க்க ஓடினான். பக்கத்துக்காரன் எல்லைக்கல்லை நகர்த்திவிட்டான் என்றுதான் அவனுக்குத் தோன்றியது. கடை நிற்கிற இடம் நிலச் சட்டத்தில் முதலாளி தாசையனின் அப்பாவுக்குக் கிடைத்த பத்து சென்ட். அதில் ஒரு சாண் போனாலும் அந்தக் குடும்பம் உயிரை விட்டுவிடும்.

"அந்த சென்ட் இல்லலே, மணக்குத சென்ட்டு" என்று தாசையன் தலையில் அடித்துக்கொண்டான்.

குவைத்தில் ஏழு வருஷம் இருந்துவிட்டு வந்து, பாறசாலை ரோட்டோரத்தில் ஃபாரின் சாதனக் கடை போட்டவன் தாசையன். அப்பனுக்கு சர்க்கார் கொடுத்தது பத்து சென்ட், மகன் விற்பதும் சென்ட் என்று ஊரில் கேலி உண்டு. சோப்பு, தைலம், நைலான் சேலை எல்லாம் வெளியே இருக்கும். சென்ட் குப்பிகள் மட்டும் கண்ணாடி அலமாரிக்குள். அதில் நல்ல நீலக் குப்பி ஒன்று மாயமாகிவிட்டது.

குவைத்தில் அவன் வேலை பார்த்த கடையில், சாயங்காலம் கையைத் தூக்கிச் சோதனை கொடுத்துவிட்டுத்தான் வெளியே வரமுடியும். அன்றைக்கு அது வயிற்றெரிச்சல். தான் முதலாளி ஆனதும் அதுவே நல்ல யோசனையாகத் தெரிந்தது, மனுஷ புத்தி அப்படித்தான். கிருஷ்ணன்குட்டியை அவனே தடவிப் பார்த்து அனுப்புவது, விற்பனைக்கு நிற்கிற விலாசினியை உள்ளறையில் வைத்து மனைவி பிரேமகுமாரி சோதிப்பது என்று ஏற்பாடு செய்தான்.

பிரேமகுமாரிக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அந்தப் பிள்ளையைப் போய்ச் சோதிக்கவா என்று மல்லுக்கு நின்றாள். தாசையன் பிடித்த பிடியை விடுகிறவன் இல்லை. மத்தியானம் சோற்றுப் பாத்திரத்தோடு வருகிறவள் அன்று முதல் சாயங்காலம் வரை உள்ளறையிலேயே இருந்தாள். சோதனை முடிந்ததும் பின்வாசல் வழியாக வீட்டுக்கு நடந்துவிடுவாள். கடையைப் பூட்டிவிட்டு இவன் போய்ச் சேரும்போது அடுப்படியில் சாளை மீன் கழுவிக்கொண்டிருப்பாள்.

ஒரு வாரம் சோதித்தும் குப்பி கையில் அகப்படவில்லை, மூக்கில் அகப்பட்டது. தாசையனின் மூக்கு சாதாரண மூக்கு அல்ல. பூவாரிலிருந்து வருகிற மீன்கூடை ரோட்டில் போகும்போதே இன்று பிடித்ததா நேற்றுப் பிடித்ததா என்று சொல்லிவிடும். சோதனை முடிந்து விலாசினி அவனைக் கடந்து போகும்போதெல்லாம் நீலக் குப்பியின் மணமும் கூடவே போயிற்று. முதலில் தன் மூக்கையே சந்தேகப்பட்டான். சனிக்கிழமை சந்தேகம் தீர்ந்துவிட்டது.

"நில்லு விலாசினி. குப்பிய எங்க வச்சிருக்க?"

"எந்தக் குப்பி மொதலாளி?"

"மேலெல்லாம் மணக்குது, எந்தக் குப்பின்னு எனக்கிட்டயே கேக்குதியா."

விலாசினியின் முகம் வெளுத்துவிட்டது. தென்னையிலிருந்து விழுந்து இடுப்பொடிந்த புருஷன் வீட்டில் கிடக்கிறான். இந்த வேலையில்தான் அடுப்பு எரிகிறது. கள்ளி என்ற பெயரோடு படியிறங்கினால் பாறசாலை முதல் அமரவிளை வரை ஒரு கடையிலும் சேர்க்கமாட்டார்கள். என்னவோ சொல்ல வாயெடுத்தாள், பிறகு அதை அப்படியே விழுங்கிவிட்டாள்.

"நான் எடுக்கல்ல. அதுக்கு மேல எனக்குப் பறய ஒண்ணும் இல்ல."

தாசையனுக்கும் மனசு கேட்கவில்லை. கடை திறந்த நாள் முதல் கூட நிற்கிறவள், சொந்தத் தங்கச்சி போல வைத்திருந்தான். அதனால்தான் கோபமும் பொங்கிக்கொண்டு வந்தது. திங்கள்கிழமை முதல் வரவேண்டாம், சம்பளத்தைக் கிருஷ்ணன்குட்டியிடம் கொடுத்தனுப்புகிறேன் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிட்டான்.

உள்ளறைத் திரையை விலக்கிக்கொண்டு பிரேமகுமாரி வெளியே வந்தாள். வீட்டுக்குப் போக எடுத்த குடையை மேசைமேல் வைத்தாள்.

"கையத் தூக்குங்க."

"ஆரு, நானா?"

"கடையில நிக்குத எல்லாரையும் சோதிக்கணும்னு பறஞ்சது நீங்கதான. தூக்குங்க."

கிருஷ்ணன்குட்டி சிரிப்பை மறைக்க ரோட்டைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். தன் கடையில் தானே என்னத்தைக் களவெடுக்க என்று முணுமுணுத்தாலும், ஏழு வருஷப் பழக்கம், தாசையனின் கைகள் தாமாகவே மேலே போயின. அவள் அவசரப்படவில்லை. தோள், கை, மார்பு, சட்டைப்பை என்று இரண்டு உள்ளங்கையாலும் அழுத்தித் தடவினாள். அவள் கண் கலங்கியிருந்ததை அவன் அப்போதுதான் கவனித்தான்.

"ஒண்ணும் இல்ல. இனி அந்த மூக்க வச்சு நீங்களே பாருங்க."

தாசையன் விலாசினியின் பக்கம் மூக்கைத் திருப்பினான்.

"அங்க இல்ல, ஒங்க சட்டைய."

குனிந்து தன் மார்பை மோந்தவன் நிமிரவே இல்லை. சட்டை முழுவதும் நீலக் குப்பி மணத்தது.

"அந்தப் பிள்ளைக்கு மொத நாளே தெரியும், எனக்கு வேண்டி வாயத் தொறக்கல்ல" என்றாள் பிரேமகுமாரி, இரண்டு கைகளையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு. "நான் கேட்டா, விக்கதுக்கு வச்ச சாதனமாக்கும்னு பறைவீங்க."